நோலீனின் ‘ஒண்ணுமில்ல’

ஆஸ்திரேலியாவில், வாரகல் என்ற எங்கள் சின்ன ஊரில் நோலீன் முடிவெட்டும் கடை வைத்திருந்தாள். முப்பது வருஷமாக ஊரில் பாதித் தலைகள் அவள் கைக்கு அடங்கியவை. ஒரு மார்ச் மாதம், சிவப்பு விளக்குக்கு நின்றிருந்த அவள் கார் மீது பால்பண்ணைக்காரர் ஒருவர் பின்னாலிருந்து மோதினார். இறங்கி வந்த மனிதர், அடி பட்டுவிட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க, நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க மொதல்ல உக்காருங்க" என்று தன் பிளாஸ்கிலிருந்து அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். ஆம்புலன்ஸில் வந்தவரிடமும் அதையே சொன்னாள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி. கை ஒடிந்து தொங்கினாலும் ஒண்ணுமில்ல என்பார்கள். முனகுகிறவர்களுக்கு இங்கே மரியாதை கிடையாது. ஆம்புலன்ஸ்காரர் ‘வலி இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை கழுத்து திரும்பவில்லை. ஆறு மாதத்தில் கடையை மூடினாள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. நஷ்டஈடு கேட்டு எழுதிப் போட்டாள். இன்சூரன்ஸ் கம்பெனியின் டாக்டர் ஏழு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஒங்க வயசுல இது சகஜம்தாம்மா" என்றார். அந்தப் புண்ணியவான் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஊரிலும், பணத்துக்காக நடிக்கிறாளோ என்று ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். புருஷன் ராஸ் நம்புகிறான், அது போதும் என்று இருந்தாள்.

ஒருநாள் வக்கீல் ஆபீசில், கம்பெனி ஆள் ஒளிந்திருந்து எடுத்த வீடியோவை இருவருக்கும் போட்டுக் காட்டினார்கள். சனிக்கிழமை, ஃபுட்டி என்று நாங்கள் சொல்லும் ஊர்க் கால்பந்து மைதானத்து கேன்டீன். மீட் பை என்ற கறி அடைத்த பண்டத்தை அடுக்கிய தட்டுகளை நோலீன் அடுப்பிலிருந்து இரண்டு கையாலும் தூக்குகிறாள். யாரோ சொன்ன ஜோக்குக்குத் தலையைச் சாய்த்துச் சிரிக்கிறாள். மொத்தம் பதினொரு நிமிஷம்.

அதற்கப்புறம் சாமான் அறையில், தக்காளி சாஸ் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, வெறும் தரையில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது அதில் இல்லை. அது ராஸுக்கும் தெரியாது. மைதானத்தில் கோல் அம்பயராக அவன் கொடியாட்டிக்கொண்டிருந்தான். அன்று வீடு திரும்பும்போது, "எப்படி இருக்கே?" என்று கேட்டவனிடமும் ஒண்ணுமில்ல என்றுதான் சொல்லியிருந்தாள்.

வக்கீல் ஆபீசிலிருந்து ராஸ்தான் காரோட்டி வந்தான். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே கேட்டான்.

"கோவிச்சுக்காத நோல். நெசமாவே அவ்வளவு வலிக்குதா?"

வலிக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை பழக்கமே இல்லாதது, வரவில்லை.

"ஒண்ணுமில்ல, ராஸ்."

அவன் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனான். அவன் போவதைப் பார்க்க அவள் உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. திருப்பி முடிப்பதற்குள் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.