சுருக்கத்துக்கு ஒரு பிடி

தி. நகர் ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் லைனிங் துணிக் கடை வைத்திருந்த அய்யாதுரை, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஆனால் அவன் கிழித்த துணி பற்றவில்லை என்று எந்தத் தையற்காரரும் திருப்பி அனுப்பியதில்லை. "தண்ணியில போட்டா சுருங்கும்க்கா, அதுக்கும் சேத்துத்தான் கிழிக்கேன்" என்று ஸ்கேலைத் தாண்டி நாலு விரல் தள்ளிப் பிடித்துக் கிழிப்பான். அதற்குக் காசு கிடையாது. துணியோடு தங்கச்சியைப் பற்றிய செய்தியும் இலவசம்.

"அனுப்ரியா அடையாறுல கேட்டரிங் படிச்சிருக்கா. வெள்ளைக்காரன் சாப்பிடுற அத்தனையும் செய்வா."

அவளுக்கு ஆழ்வார்பேட்டையில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலையும் கிடைத்துவிட்டது. மிச்சம் இருந்தது தாய்மாமா சுயம்புலிங்கத்தின் சம்மதம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் அவர் சொல்லை மீறி எதுவும் நடந்ததில்லை. ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை நடத்தும் மாமா, "பொட்டப்புள்ள ஹோட்டல்ல போயி அடுப்படியில நிக்கணுமால? ஞாயித்துக்கிழமை வாரேன். அப்படி என்னத்தப் படிச்சான்னு ஆக்கிக் காட்டச் சொல்லு, பொறவு பாப்போம்" என்று போனில் சொல்லிவிட்டார்.

சாசேஜும் சீஸும் போட்ட மக்ரோனி என்று அனுப்ரியா முடிவு செய்தாள். மாமா செருப்பைக் கழற்றும்போது ஆரம்பித்தால் கை கழுவி உட்காரும்போது தயாராகிவிடும் என்றாள். அய்யாதுரை காலையிலேயே ஆழ்வார்பேட்டைக்குப் போய்க் கோழி சாசேஜும் சீஸ் கட்டியும் ஐஸ் கரைவதற்குள் கொண்டு வந்து சேர்த்தான். சாசேஜை வெட்டும் வேலையையும் அவனே வாங்கிக்கொண்டான். வட்டங்கள் ஒன்றுபோல வர வேண்டும் என்று அவன் எழுந்ததும் அனுப்ரியா சொன்னாள்:

"அண்ணே, ஸ்கேல் எடுக்கத்தானே போற? உக்காரு."

மூன்று பேருக்கான மக்ரோனியைத் தட்டில் எடுத்து வைத்தாள். "தண்ணி கொதிச்சதும் இதைப் போட்டுடு. தலை பின்னிட்டு வந்துடறேன்."

அய்யாதுரை தட்டைப் பார்த்தான். தண்ணீரில் போடுகிற சாமான், சுருங்கினால் என்ன மிஞ்சும்? மாமா வேறு நன்றாகச் சாப்பிடுகிறவர். சுருக்கத்துக்கு என்று ஒரு பிடி சேர்த்தான். மாமாவுக்காக இன்னொரு பிடி. பாக்கெட்டில் அடியில் கொஞ்சம் கிடந்தது அசிங்கமாக இருந்ததால் அதையும் கொட்டினான். தங்கச்சியின் வாழ்க்கை விஷயம், கை இழுக்கக் கூடாது என்று அடுத்த பாக்கெட்டையும் பிரித்தான்.

அனுப்ரியா திரும்பி வந்தபோது பானையின் மூடி தானாக எழுந்து நின்றுகொண்டிருந்தது.

"என்னண்ணே போட்ட?"

"நீ வச்சதைத்தான்."

"அப்புறம்?"

"சுருக்கத்துக்குக் கொஞ்சம்."

"இது ஊறிப் பெருகும்ண்ணே. சோறு வடிக்கிறதை நீ பாத்ததே இல்லையா?"

"அது அரிசி. இது குழாய் குழாயா, வெட்டித் தச்ச மாதிரி இருந்துச்சு பிள்ள."

அவள் கத்தவில்லை. பக்கத்துப் போர்ஷன் குல்சும் அக்காவிடம் பிரியாணி ஆக்கும் பெரிய தேக்சாவை வாங்கி வரச் சொன்னாள். குல்சும் அக்கா அதைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்து, "இன்னா துரை, நிச்சயதார்த்தமா? சொல்லவே இல்ல" என்றாள். அனுப்ரியா மூன்று பேருக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வடித்துத் தேக்சாவில் தள்ளினாள். வெண்ணெயில் சாசேஜ் சிவக்க, பாலும் மைதாவும் கெட்டிப்பட, சீஸைத் துருவிப் போட்டுக் கிளறவும் மாமாவின் செருப்புச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

சுயம்புலிங்கம் முதல் வாய் எடுத்தார். தட்டிலிருந்து மீசை வரை சீஸ் இழை நீண்டது. கையை உயர்த்தினார், அதுவும் உயர்ந்தது.

"என்னல இது, நூல் விடுது? ஊசிப்போச்சா?"

அய்யாதுரை தன் தட்டை மோந்து பார்த்தான். ஆழ்வார்பேட்டையிலிருந்து வெயிலில் கொண்டு வந்தது அவன்தானே.

"நூல் விட்டாத்தான் மாமா அது நல்ல சீஸு" என்றாள் அனுப்ரியா.

மாமா நம்பாமல் இன்னொரு வாய் எடுத்தார். பிறகு தட்டைக் கிட்டே இழுத்துக்கொண்டார். அவர் தட்டு காலியானதும் அய்யாதுரை தன் தட்டை அவர் பக்கம் நகர்த்தினான். அதையும் முடித்துவிட்டு, கை கழுவ உள்ளே போனவர் தேக்சாவின் முன் நின்றுவிட்டார்.

"இது யாருக்குல, தெருவுக்கா?"

"நான்தான் மாமா. சுருங்கும்னு நினைச்சேன்."

மாமா தேக்சாவைப் பார்த்தார், அய்யாதுரையைப் பார்த்தார், அனுப்ரியாவைப் பார்த்தார்.

"இத்தனையும் பொங்கிக்கிட்டு நிக்கும்போதா எனக்கு இதை ஆக்கிப் போட்ட?"

"ஆமா மாமா."

"நீ வேலைக்குப் போ ஆத்தா. அந்த ஹோட்டல்லயாவது இந்தப் பய அடுப்புப் பக்கம் வர மாட்டான்."

அடுத்த சில நாட்கள் சந்திலுள்ள கடைகளுக்கெல்லாம் மக்ரோனி போனது, தாளித்தது, தக்காளி போட்டது, கடைசியாகத் தயிர் ஊற்றியது. எல்லாரிடமும் அய்யாதுரை, "தங்கச்சி செஞ்சது, ஹோட்டல் ஐட்டம்" என்றான். அளவைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

வேலையில் சேர வெள்ளைக் கோட்டு வேண்டியிருந்தது. கடையில் இருந்ததிலேயே நல்ல வெளுத்த காடாத் துணியை விரித்து அளந்தான். கத்தரிக்கோலை வைக்கும் முன் நிமிர்ந்து தங்கச்சியைப் பார்த்தான்.

"சேத்துக்கோண்ணே" என்றாள் அனுப்ரியா. "இது சுருங்கும்."