கித்தேரியா வீட்டு ஆணி

ஜெனிவால் பயந்தாங்கொள்ளி. சியாரா மாநிலத்தின் வறண்ட ஊர்களில் இதை யாரும் ஒளித்துப் பேசுவதில்லை. நாய் குரைத்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டார். ஆனாலும் இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பக்கம் அவர் கால் படாத வீடு கிடையாது.

வீடுகளில் கிடக்கும் சின்னப் போட்டோக்களை வாங்கிப்போய் ஜுவாசேரு நகரத்து ஓவியரிடம் கொடுப்பார். ஓவியர் பெரிதாக்கி வண்ணம் தீட்டுவார். வாக்காளர் அட்டைக்குக் கசங்கிய சட்டையோடு எடுத்த படத்துக்குக் கோட்டும் டையும் வந்துவிடும். செத்துப்போன குழந்தைக்குக் கண் திறந்துவிடும். ஒருநாளும் சேர்ந்து படமெடுக்காத புருஷன் பெண்டாட்டி தோளோடு தோள் நிற்பார்கள், ஒருவர் கல்லறையில் இருந்தாலும். பழைய போட்டோவைப் புதுப் படத்தின் முதுகில் செருகித் திருப்பித் தர வேண்டும்.

அன்று கொடுக்க வேண்டியது இரண்டு தம்பதிப் படங்கள். காலையில் ஒன்றை அமான்சியு வீட்டில் கொடுத்தார். குளத்து வேலித் தகராறில் லவுரிந்தோவைச் சுட்டுக் கொன்றவன் இந்த அமான்சியு. ஊருக்கே தெரியும், சாட்சி சொல்லத்தான் ஆளில்லை. அவன் வெளியே போயிருந்தான். மனைவிதான் வாங்கி வைத்தாள். பிரித்துக் காட்டக்கூட நிற்காமல், தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஜெனிவால் கிளம்பிவிட்டார். அடுத்த படம் லவுரிந்தோவின் விதவை கித்தேரியாவுக்கு.

அவள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் நின்று, தூசி துடைக்கலாமென்று காகிதத்தைப் பிரித்தார். நீல உடையும் முத்துமாலையுமாகக் கித்தேரியா. பக்கத்தில், கோட்டு போட்ட மாப்பிள்ளையாக அமான்சியு. ஓவியர் ஆண்களை மாற்றிச் சேர்த்துவிட்டார்.

திரும்பி ஓடியிருப்பார். அதற்குள் அவள் வாசலில் நின்று கையசைத்துவிட்டாள். ஐந்து வாரமாக அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தவள்.

காபி தயாராக இருந்தது. சுவரில் ஆணியும் அடித்தாயிற்று. வண்ணம் இன்னும் காயவில்லை, அடுத்த வாரம் தருகிறேன் என்று ஜெனிவால் உளறினார். அவள் காதில் வாங்காமல் காகிதத்தை இழுத்தாள். கதவோரம் ஒரு அரிவாள் சாய்ந்திருந்தது. அவர் கண்ணுக்கு அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

அவள் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"என் வீட்டுக்காரர் எங்க?"

"அங்க... அவன் வீட்டுல. அவன் பெண்டாட்டி பக்கத்துல. பழைய போட்டோவும் அங்கதாம்மா. இப்பவே போய் வாங்கிட்டு வந்துர்றேன்."

அந்த வாசலை மறுபடி மிதிக்க வேண்டுமே என்பது சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

லவுரிந்தோ ஆயுசுக்கும் எடுத்துக்கொண்டது அந்த ஒரே ஒரு போட்டோதான். கித்தேரியா வெறும் ஆணியைப் பார்த்தாள்.

"வேண்டாம். அங்கயே இருக்கட்டும். எனக்கு அவர் முகம் மறக்காது. அவனுக்கும் மறக்கக் கூடாது." பிறகு, "இத எடுத்துட்டுப் போங்க. காபியக் குடிங்க, ஆறுது" என்றாள்.

ஊர் திரும்ப வேறு பாதை இல்லை. அமான்சியுவின் படத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டே அமான்சியுவின் வீட்டைத் தாண்ட வேண்டும். ஜெனிவால் தலையைக் குனிந்து மிதித்தார். இதோ முதுகில் குண்டு பாயப்போகிறது என்று ஒவ்வொரு மிதிக்கும் நினைத்தார். எதுவும் நடக்காததால் ஓரக்கண்ணால் பார்த்தார்.

உச்சி வெயில். வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது; உள்ளே, பிரித்த காகிதத்தின் மேல் லவுரிந்தோவின் முகம் வாசலைப் பார்த்திருந்தது. அமான்சியு தொப்பிகூட இல்லாமல், வீட்டுக்கு முதுகைக் காட்டி, புழுதியில் உட்கார்ந்திருந்தான். சைக்கிள் சத்தம் கேட்டதும் அவன்தான் திடுக்கிட்டு எழுந்தான்.