அளவுக்குக் கொடுத்த நாற்காலி

என் மனைவி வீட்டு வாசலைத் தாண்டாமல் பல வருஷம் ஆகியிருந்த சமயத்தில் தூத்துக்குடியிலிருந்து போன் வந்தது. அவளுடைய ஒரே தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. டயாலிசிஸ் நடக்கிறது, அதுவும் ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தங்கை அழவில்லை. சமையலுக்குக் காய் வாங்கி வரச் சொல்கிற குரலில்தான் பேசினாள்.

"அக்கா, நீ ஒருதடவ வந்துட்டுப் போயிரு. போன்ல பாக்குறது பாத்த மாதிரி இல்ல. உன் கையப் பிடிச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருக்கணும்."

"வாரேன்டி" என்றாள் என் மனைவி. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எப்படிப் போவது என்பதுதான் இருவருக்கும் தெரியவில்லை.

என் மனைவி மிகவும் பருமனானவள். நானும் ஒல்லி இல்லை. கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து கடைவீதிக்குப் போனால், "நம்ம ரெண்டு பேரும் நடந்தாலே ஊர்வலம்தான், மேளம் ஒண்ணுதான் குறைச்சல்" என்பாள். அப்போது அது சிரிப்பாக இருந்தது. பிறகு முழங்கால் போனது, கால்கள் வீங்கின, நீர் மாத்திரை வந்தது. அந்த மாத்திரை போட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குப் போயாக வேண்டும். பஸ்ஸில் படி ஏற முடியாது. ரயில் கழிப்பறைக்குள் அவளால் திரும்பவே முடியாது. காரில் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். இறக்கும்போது நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள், அதில் ஒருவன் போனில் படம் எடுத்தான். அன்றிலிருந்துதான் அவள் வெளியே வரவில்லை. டாக்டரையே வீட்டுக்கு வரவழைத்தோம்.

எனக்குத் தொழில் பந்தல், நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுவது. காரைக்குடியில் சினிமாக்காரர்கள் ஏதாவது ஒரு பெரிய வீட்டில் படம் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கும் நாற்காலி போகும். அப்படி ஒருநாள் போனபோதுதான் தெருவை அடைத்துக்கொண்டு நின்ற கேரவனைப் பார்த்தேன். உள்ளே கட்டில், ஏசி, கழிப்பறை எல்லாம் உண்டு என்று அதன் டிரைவர் சொன்னார். ஒரு வீடே சக்கரத்தின் மேல் நிற்கிறது. அவ்வளவு நாள் படப்பிடிப்புக்குப் போய் வந்தும் என் மண்டையில் ஏறாதது அன்றைக்கு ஏறியது.

உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏறிப் பாருங்க சார். ஆனா இது பட்டினி கெடக்குற ஆளுங்களுக்காகச் செஞ்சது. எங்க ஹீரோவுக்கே ஒரு சுத்து கூடிட்டா வேற வண்டி கேப்பாரு."

அவர் சொன்னது சரி. கழிப்பறைக் கதவில் என் தோள் இடித்தது. வயிற்றை எக்கி உள்ளே போனால் கதவைச் சாத்த முடியவில்லை. ஆனாலும் மனசுக்குள் ஒரு வழி திறந்துவிட்டது. சிறிதாக இருந்தால் என்ன, பெரிதாகச் செய்துகொள்ளலாமே.

அதற்குப் பிறகு பழைய வண்டி தேடி அலைந்தேன். பள்ளிக்கூட வேன் ஒன்று வந்தது. கூரை தாழ்வு, நிமிர முடியாது. ஓய்வு கொடுத்த ஆம்புலன்ஸ் ஒன்று திருச்சியில் இருந்தது. உயரமும் அகலமும் அருமை. வீட்டில் சொன்னேன். "அதுல ஏத்திக் கொண்டுபோய் என்னைய எங்க இறக்கப் போறீக, சொல்லுங்க" என்றாள். அதை விட்டுவிட்டேன். கடைசியில் சுற்றுலாவுக்கு ஓடிக்கொண்டிருந்த உயரக்கூரை வேன் ஒன்று மதுரையில் கிடைத்தது. ஏறும் கதவு அகலம், தரை கெட்டி, இருக்கைகளை எல்லாம் கழற்றிவிட்டால் உள்ளே ஒரு அறையளவு இடம்.

சாக்கோட்டைப் பக்கம் பட்டறை வைத்திருக்கிற ஒருவர் என் இரும்பு நாற்காலிகளுக்கு எல்லாம் பற்றவைப்பு வேலை செய்வார். அவரிடம் வேனைக் கொடுத்தேன். ஆர்வமான மனிதர். ராத்திரி பகல் அதைப் பற்றியே பேசினார். எடை தாங்கப் பின்சக்கரத்துக்கு மேலே கூடுதலாக ஒரு பட்டை ஸ்பிரிங் போட்டார். படிக்குப் பதிலாக மடித்து வைக்கிற மாதிரி சாய்வுப் பலகை செய்தார். பின்னால் வண்டியின் முழு அகலத்துக்கும் கட்டில், அதன் கீழே நாலு இரும்புக் கால். "யானையக் கட்டினாலும் அசையாது" என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். கெட்ட எண்ணம் இல்லாத வார்த்தைக்கு எடை கிடையாது.

மிச்சம் இருந்தது கழிப்பறை. ஒரு பக்கம் வண்டியின் சுவர், மறுபக்கம் தண்ணீர்த் தொட்டி. நடுவில் எவ்வளவு இடம் விடுவது என்பது அளவு தெரிந்தால்தான் முடிவாகும். பட்டறைக்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். என் மனைவி உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அந்தத் தம்பிய டேப்போட எங்குட்டு வரச் சொல்லியிருக்கீக?"

"அளவு எடுக்கத்தான். உக்காந்துக்கிட்டா போதும், அவரு தள்ளி நின்னே எடுத்துருவாரு."

"தையக்காரரே என்னைத் தொட்டு அளவெடுத்ததில்ல. அளவு ரவிக்கைதான குடுத்து விடுவோம். இதுக்கும் அளவு குடுத்து விடுறேன்."

எங்கள் பக்கத்தில் பெண்கள் எல்லாருக்கும் இதுதான் பழக்கம். தைக்கக் கொடுக்கும்போது உடம்பைக் காட்ட மாட்டார்கள்; சரியாக இருக்கிற பழைய ரவிக்கை ஒன்றைத் துணியோடு சுருட்டிக் கொடுப்பார்கள். தையல்காரரும் அதை வைத்து வெட்டுவார். அதனால் எனக்கு அவள் சொன்னது புதுமையாகத் தெரியவில்லை. முன்னறையில் கிடந்த கைவைத்த இரும்பு நாற்காலியைக் காட்டினாள். அவளுக்காகவே நான் செய்ய வைத்த நாற்காலி. எங்கள் மகள் கல்யாணத்தில் அதில் உட்கார்ந்துதான் வந்தவர்களை வரவேற்றாள்.

"இதுதான் என் அளவு. இதுக்கு மேல நாலு விரக்கடை கூட வைக்கச் சொல்லுங்க, தாராளமா இருக்கும்."

பட்டறைக்காரர் நாற்காலியைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போனார். நாலு விரற்கடை கேட்டதற்கு ஆறு வைத்தார். கழிப்பறைச் சட்டத்தை இரும்பில் அடித்து, இரண்டு பக்கமும் பிடித்து எழ எவர்சில்வர் கம்பி பொருத்தினார். நான் உட்கார்ந்து பார்த்தேன். சௌகரியமாக இருந்தது. எனக்கு உடம்பு முன்னால், வயிற்றில், அவளுக்கு இடுப்பில். அந்த வித்தியாசம் அப்போது இரண்டு ஆண்களுக்கும் உறைக்கவில்லை.

வேன் வாசலுக்கு வந்த அன்று எதிர்வீட்டு அம்மா, "நம்ம தெருவுக்கு எந்த நடிகை வாரா?" என்று கேட்டார். "எங்க வீட்டு நடிகைதான்" என்றேன். உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒத்திகை பார்த்துவிடலாம், ஒருதரம் ஏறி இறங்கு என்று கெஞ்சினேன். "தெருவே நிக்குது. ஏறுறது ஒருநாதான், அன்னைக்கு ஏறிக்கிறேன்" என்று முடித்துவிட்டாள்.

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். பட்டறைக்காரர்தான் ஓட்டினார், தன் வேலை எப்படி இருக்கிறது என்று பார்க்க அவருக்கு ஆசை. சாய்வுப் பலகையில் அவள் மெதுவாக ஏறினாள். கட்டிலில் உட்கார்ந்ததும் ஜன்னல் திரையை விலக்கினாள். வயல், கண்மாய், பால்காரன் சைக்கிள், ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள். தங்கைக்குப் போன் போட்டு, "படுத்துக்கிட்டே வாரேன்டி, மகாராணி கணக்கா" என்றாள். தங்கை அந்தப்பக்கம் ஏதோ சொல்ல, இவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

காளையார்கோயில் தாண்டியதும் கழிப்பறைக்குப் போகவேண்டும் என்றாள். வண்டியை ஓரமாக நிறுத்தினோம். அவள் பக்கவாட்டில் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நேரம் போயிற்று. பிறகு தகரத்தில் விரலால் தட்டும் சத்தம்.

"எந்திரிக்க முடியலங்க."

கதவைத் திறந்தேன். ஒருபக்கம் வண்டிச் சுவர், மறுபக்கம் தொட்டித் தடுப்பு. நடுவில் அவள் இடுப்பு ஆப்பு அடித்த மாதிரி இறுகியிருந்தது. கம்பியைப் பிடித்து எழ முயன்றதில் தொடையில் தோல் உரிந்து ரத்தம் வந்திருந்தது. நான் கையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. பட்டறைக்காரரைக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

"அவர உள்ள விடாதீக" என்றாள். "என்ன ஆனாலும் சரி, விடாதீக."

அதனால் தடுப்பை நான்தான் கழற்ற வேண்டியதாயிற்று. ஸ்பேனர் பிடித்துப் பழகாத கை. பட்டறைக்காரர் வெளியே ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டு, வண்டிக்கு முதுகைக் காட்டியபடியே சொல்லிக்கொடுத்தார்.

"மேல உள்ள நட்டை விட்டுருங்கண்ணே. கீழ இருந்து வாங்க. முதல்ல தொட்டித் தண்ணிய முழுசா இறக்கிவிடுங்க, இல்லாட்டி உங்க மேல சாஞ்சிரும்."

தண்ணீர் ரோட்டோரம் ஓடியது. யாரோ பைக்கை நிறுத்தி, என்ன கோளாறு என்று கேட்டார்கள். "ரேடியேட்டர்" என்றார் அவர். இன்னொருவர் வந்து உதவி வேண்டுமா என்றார். "வேணாம்ணே, ஆள் வந்துக்கிட்டிருக்கு." உள்ளே அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டினாள். வெயில் ஏறிவிட்டது. கடைசி நட்டு கழன்று தடுப்பு விலகியபோது அவள் எழவில்லை. என் தோளில் அப்படியே சாய்ந்தாள்.

துடைத்து, மருந்து போட்டு, கட்டிலில் படுக்கவைத்தேன். "தடுப்பு இல்லாமலே போயிரலாம். இனி இறுகாது" என்றேன்.

"வீட்டுக்கு விடச் சொல்லுங்க."

"தங்கச்சி காத்துக்கிட்டிருப்பாளே."

"வீட்டுக்குங்க."

வண்டி திரும்பியது. ஜன்னல் திரையை அவளே இழுத்து மூடினாள். காரைக்குடி நெருங்கும்போது சொன்னாள்.

"அந்த நாற்காலியில நான் உக்காந்து எத்தனையோ வருசமாச்சு. கட்டில்லதான உக்காருறேன், நீங்க பாக்கலையா. எந்தப் பொம்பள இப்ப இருக்கிற அளவக் குடுப்பா? நல்லா இருந்தப்ப உள்ள ரவிக்கையத்தான் குடுப்பா."

நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கட்டிலில் மெத்தை இருக்கிறது, அது இதமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

பட்டறைக்காரர் ஒரு வாரத்துக்குள் எல்லாவற்றையும் மாற்றினார். தொட்டியைக் கூரைக்கு ஏற்றினார், தடுப்பையே எடுத்துவிட்டுத் தடித்த திரை போட்டார். கூலி வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். இரண்டு பேர் தாராளமாக நிற்கலாம் அந்த இடத்தில். வேன் வாசலில் வந்து நின்றது. அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தங்கை சாயங்காலமானால் போன் பண்ணுவாள். "கிளம்பிட்டியாக்கா?"

"வண்டி ரெடியாகலடி. பட்டறையில கெடக்கு."

முதல்முறை இதைக் கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறந்தேன், அவள் கையை உயர்த்திக் காட்டினாள். மூடிக்கொண்டேன். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். சில நாள் தங்கையே, "என்னக்கா, அந்தப் பட்டறைக்காரன் தூங்குறானா?" என்று கேலி பண்ணுவாள். இவளும் சேர்ந்து அந்த மனிதரைத் திட்டுவாள். பிறகு தங்கையின் குரல் தேய்ந்துகொண்டே போனது. கேள்வி மட்டும் மாறவில்லை. நான் ஒவ்வொரு நாளும் சொல்லிப் பார்த்தேன்: போர்வை போட்டு மறைக்கிறேன், நாம் இரண்டு பேர் மட்டும் போவோம், நானே ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். "நடு ரோட்டுல தண்ணி ஓடுச்சே, அது என் மேல ஓடுன மாதிரி இருந்துச்சு. இன்னொருக்க முடியாது" என்றாள்.

மழை தொடங்கின வாரம் தங்கை போய்விட்டாள்.

என் மனைவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தபடி இருந்தாள். எதிர்வீட்டு அம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு நான் பஸ்ஸில் கிளம்பினேன். வேனை எடுக்கவில்லை. இரண்டு இருக்கைக்கு டிக்கெட் வாங்கி, மூன்று பஸ் மாறி, தூத்துக்குடி போய்ச் சேர்ந்தபோது எடுக்கிற நேரம் ஆகிவிட்டது. முகத்தை ஒரு தடவை பார்த்தேன். சிறுத்துப் போயிருந்தாள். அக்கா, தங்கை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு சகலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கடைசி ரெண்டு நாளும் அதயேதான் கேட்டுட்டு இருந்தா அண்ணாச்சி, வண்டி வந்துட்டா, வண்டி வந்துட்டான்னு. வாசக் கதவ மூடவிடல. இன்னுமா ரெடியாவல அந்த வண்டி?"

"இல்ல" என்றேன். "இன்னும் ரெடியாகல."