பூட்டிய குளத்துக்கரை

பொதுமக்களின் மனுவுக்கு ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. பணியில் இருந்தபோது அந்த விதியை நினைவூட்டிச் சுற்றறிக்கை அனுப்பியவன் நான்.

பொங்கலூர்ப் பக்கத்துக் குளத்துக்கரையில் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் காலையில் சைக்கிள் ஓட்டுவோம். அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். காது மந்தம் என்பதால் பஸ் ஓடும் ரோட்டுக்குப் பயப்படுவார். கரையில் ஒருபுறம் தண்ணீரும் நாரைகளும், மறுபுறம் தென்னந்தோப்பு. பயப்பட அங்கே எதுவும் இல்லை.

கரை முனையில் நிலம் வாங்கிய ஒருவர் பாதையில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டினார். புல எண், வரைபட நகல் எல்லாம் இணைத்து மனு கொடுத்தேன். அது ‘தங்கள் மேல்நடவடிக்கைக்கு’ என்ற குறிப்போடு மாதக்கணக்கில் அலுவலகம் அலுவலகமாகப் போய்க்கொண்டிருந்தது.

“ஏனுங்க, நம்மளவிட உங்க மனு நல்லா ஊர் சுத்துதுங்க” என்று சிரித்தார் அவர்.

சைக்கிள் ஓட்டுவதை நிறுத்தினால் முழங்கால் மடங்காது என்று, கடைசியில் பயத்தோடு பல்லடம் ரோட்டில் ஓட்டினார். பின்னால் வந்த பஸ்ஸின் ஹார்ன் அவருக்குக் கேட்கவில்லை.

பாதை பொதுவழியே, பூட்டு அகற்றப்பட்டது, மனு முடித்துவைக்கப்படுகிறது என்று பதில் வந்தது. தபால்காரரிடம் நான் கையெழுத்துப் போட்டு அதை வாங்கிய தேதி, அவருடைய கருமாதி நாள்.