ஜன்னல் மூடிய மாலைகள்

கடலூரில் எங்கள் வீடு தொழிற்பேட்டைக்குப் பக்கம். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் ஆலைகளின் நாற்றம் தெருவுக்குள் வந்துவிடும். வந்ததும் தெருவில் உள்ள அம்மாக்கள் எல்லோரும் ஒன்றையே செய்வோம். விளையாடும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு, ஜன்னலை மூடி, டிவியைப் போட்டு, அடம்பிடிக்காமல் இருக்கத் தின்ன ஏதாவது கொடுப்போம். என் மகள் அப்படி வளர்ந்தவள். இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது.

அவள் எடை ஏறிக்கொண்டே போனதால் சோற்றைக் குறைத்தேன். எடை குறையவில்லை. ஒளித்துத் தின்கிறாளோ என்று ஒருநாள் அவள் பள்ளிப் பையைத் துழாவினேன்.

"இன்னாம்மா தேடற? பிரியாணி அண்டாவா?" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் அதற்குப் பிறகு என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

சிதம்பரத்தில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். "வீட்ல எல்லாம் அளவாதான் டாக்டர் குடுக்கறேன். ஒளிச்சி ஏதாவது சாப்பிடறாளோன்னு..."

"ம்மா!" என்றாள் மகள்.

மருத்துவர் என்னைப் பார்த்தார். "வீடு எங்க?" என்றார். சொன்னேன்.

"நாம சாப்பாட்ட மட்டும்தான் பாக்கறோம். மூச்சுல போற நுண்ணிய தூசு ரத்தம் வரைக்கும் போவுது. வளர்ற புள்ளைங்க எடைக்கும் அதுக்கும் தொடர்பு இருக்கலாம்னு சொல்றாங்க. இவளுக்கு அதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா புள்ளய சந்தேகப்படாதீங்க."

நான் பட்டப்படிப்பு படித்தவள். ஆனாலும் உள்ளே போகும் காற்று அப்படியே வெளியே வந்துவிடுகிறது என்றுதான் இத்தனை நாள் நம்பியிருக்கிறேன். பக்கத்தில் மகளின் நெஞ்சு ஏறி இறங்கியது. தூங்கும்போதுகூட நிற்காத அந்தச் சின்ன அசைவு, எங்கள் ஊரையே அவளுக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் சோற்றை மட்டும் அளந்துகொண்டிருந்தேன்.

பேருந்து நிலையத்தை நெருங்கியபோது, "ம்மா, கடலூர் பஸ்ஸு கெளம்புது!" என்று என் பையையும் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அந்த உடம்புக்குள் அவ்வளவு வேகம் இருந்ததை வாய்பிளந்து பார்த்தேன்.

மறுநாள் மாலை நாற்றம் வந்தது. ஜன்னலை மூடினேன். கை தானாக முறுக்கு டப்பாவுக்குப் போய் நின்றது. மகள் பாட்டைப் போட்டு, "நீயும் வாம்மா" என்று ஆடத் தொடங்கினாள். மூடிய அறையில் ஆடுவது நல்லதா, கெடுதலா? தெரியவில்லை. ஆடினேன்.

மூச்சு வாங்க என் பக்கத்தில் உட்கார்ந்து, "பசிக்குதும்மா" என்றாள்.

இரண்டு தட்டு எடுத்து வைத்தேன். அவள் தட்டில் சோற்றை அவளையே போட்டுக்கொள்ளச் சொன்னேன்.