கண்ணாடிக்காரர் வீட்டு ஜன்னல்

கண்ணாடி இருப்பதே தெரியக்கூடாது. தெரிந்தால் அது துடைத்தவனின் சோம்பல். கண்ணாடிக்காரர் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து பிடித்துக்கொண்டிருந்த பிடிவாதம் இது ஒன்றுதான். கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார், கூலிக்கு வருகிறவர்களிடம் சொல்வார், யாரும் கிடைக்காவிட்டால் கண்ணாடியிடமே சொல்வார். புதிதாகப் பொருத்திய கண்ணாடியில் யாரும் முட்டிக்கொள்ளாமல் இருக்கச் சுண்ணாம்பால் பெரிய பெருக்கல் குறி போட்டு வைப்பது அந்தத் தொழிலில் வழக்கம். அதைக்கூட அவரே போய்த் துடைத்துக் கொடுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். மற்றவர்கள் துடைத்தால் ஓரத்தில் புகை படிந்த மாதிரி இருக்குமாம்.

அவர் மனைவியைத் தெருவே டெலிபோன் அம்மா என்றுதான் கூப்பிடும். டெலிபோன் ஆபீஸில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இணைப்புக் கொடுத்தே ஓய்வு பெற்றவர். பாம்புச் செவி. அடுத்த வீட்டில் அடுப்பில் பால் பொங்கினால் இங்கிருந்தே குரல் கொடுப்பார். அந்த அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு கட்டிலோடு கட்டிலாகக் கிடக்க வேண்டியதாயிற்று. எதிரே வெறும் சுவர்.

"இந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டிருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்" என்று ஒருநாள் சொன்னார். மறுநாளே கண்ணாடிக்காரர் சுவரை இடிக்க ஆள் கூட்டி வந்துவிட்டார். கட்டில் உயரத்திலிருந்து கூரை வரைக்கும் ஒரே கண்ணாடி, நடுவில் ஒரு சட்டம்கூட இல்லை. வாழ்நாளில் அவர் பெருக்கல் குறி போடாமல் விட்ட ஒரே கண்ணாடி அதுதான். மனைவி கண்ணை மூடித் திறந்தால் தோட்டம் மட்டும் தெரிய வேண்டும் என்று ஆசை. வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பலகை, அதன்மேல் தானியமும் பழத்துண்டும்.

மைனாக்கள் வந்தன, தவிட்டுக் குருவிகள் கூட்டமாக வந்து சண்டை போட்டன. டெலிபோன் அம்மாவுக்கு உயிர் மட்டும் ஒரு கொண்டைக்குருவி ஜோடிமேல். பொண்ணு, மாப்பிள்ளை என்று பெயர். எது எது என்று கேட்டால், "மாப்பிள்ளைக்குக் கொண்டை கோணல். சீப்பு கிடைக்கல போல" என்பார். அவை மதில்மேல் படர்ந்த கொடியில் கூடு கட்டிக் குஞ்சும் பொரித்துவிட்டன. விழுந்த நாளுக்குப் பிறகு அந்த அம்மா சிரித்தது அன்றைக்குத்தான்.

ஒருநாள் காலை கண்ணாடிக்காரர் பழம் நறுக்கிக்கொண்டு வெளியே வந்தபோது ஜன்னலடியில் மாப்பிள்ளை கிடந்தது. கழுத்து ஒருபக்கம் மடிந்திருந்தது, உடம்பில் சூடு இன்னும் இருந்தது. அண்ணாந்து பார்த்தார். வெயில் ஏறிய கண்ணாடியில் கொடியும் வானமும் அப்படியே நின்றன. நிஜக் கொடியைவிட அது பளிச்சென்று இருந்தது. குருவியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்ச் செம்பருத்திச் செடியடியில் புதைத்துவிட்டுக் கை கழுவினார்.

"மாப்பிள்ளையக் காணோமே?" என்றார் டெலிபோன் அம்மா, அவர் உள்ளே வந்ததும்.

"எங்கயாவது பூச்சி பிடிக்கப் போயிருக்கும். வராமலா போகும்?"

அந்த அம்மா அவருடைய ஈரக் கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குத் திக்கென்றது.

பொண்ணு ஒற்றையாய் அல்லாடிக்கொண்டிருந்தது. கூட்டுக்கும் பலகைக்குமாகப் பறந்தது. ஒவ்வொரு முறையும் ஜன்னலை உரசுகிற மாதிரி திரும்பியது. கண்ணாடிக்காரர் வெளியே ஓடிப்போய்க் கண்ணாடியின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு பெரிய கண்ணாடிக்கு அவர் எந்த மூலைக்கு? இந்தப் பக்கம் மறைத்தால் அந்தப் பக்கம் திறந்து கிடந்தது.

"அங்க நின்னு என்ன பண்றீங்க?" உள்ளேயிருந்து குரல்.

"தூசு... தூசு துடைக்கிறேன்."

"போதுங்க. துடைச்ச வரைக்கும் போதும்."

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. என்னவென்று யோசிப்பதற்குள் கூடத்தில் போன் அடித்தது. கடையிலிருந்துதான் இருக்கும். எடுக்காமல் விட்டால் ஆளனுப்பிவிடுவார்கள் என்று உள்ளே ஓடினார். "இன்னைக்கு என்னை விட்டுருப்பா" என்று சொல்லி வைக்கும்போதே தோட்டத்துப் பக்கம் சத்தம் கேட்டது. ஈரத்துணியைச் சுவரில் அறைந்த மாதிரி ஒரு சத்தம்.

பொண்ணு சிறகை விரித்தபடி தரையில் கிடந்தது. அலகு திறந்து மூடியது. கொடியில் குஞ்சுகள் கத்த ஆரம்பித்திருந்தன. இரண்டு கைகளிலும் ஏந்தி உள்ளே கொண்டுவந்தார்.

"தண்ணி எதுவும் ஊத்தாதீங்க" என்றார் டெலிபோன் அம்மா. "செருப்பு வாங்கின அட்டைப்பெட்டில துணி போட்டு மூடி வைங்க. என் பக்கத்துல வைங்க."

பெட்டியை வைத்துவிட்டுக் கண்ணாடிக்காரர் நிற்கவில்லை. பின்கட்டில் கடைச் சாமான்களோடு கிடந்த வாளியை இழுத்துச் சுண்ணாம்பு கரைத்தார். ஒரு பெருக்கல் குறி போட்டுப் பார்த்தார். மனுஷனுக்கு அது போதும். குருவிக்கு நாலு பக்கமும் வாசல் திறந்துதான் இருந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு மேலிருந்து கீழே கோடு இழுத்தார். கையகலம் விட்டு இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு கோட்டுக்கும் உள்ளே மனைவியின் முகத்தில் ஒரு துண்டு மறைந்தது. தன் கையாலேயே தன் தொழிலுக்குச் சேறு பூசுகிற மாதிரி இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. குஞ்சுகளின் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது.

கடைசிக் கோடு காய்வதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார் அம்மா. "பெட்டிக்குள்ள நகருது. வாங்க, வாங்க!"

தோட்டத்தின் நடுவில் பெட்டியைத் திறந்தார். பொண்ணு விளிம்பில் ஏறி உட்கார்ந்து, சிலிர்த்து, ஜிவ்வென்று கிளம்பியது. பாவி, நேரே ஜன்னலை நோக்கித்தான் போனது. கண்ணாடிக்காரர் பெட்டியைக் கீழே போட்டுவிட்டார். வெள்ளைக் கோடுகளுக்கு ஒரு முழம் முன்னால் அது சடாரென்று திரும்பி மேலேறி, கொடிக்குள் நுழைந்தது. குஞ்சுகள் ஒரே கூச்சல் போட்டன.

அவர் உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். அறை முழுக்க வரிவரியாக நிழல் விழுந்திருந்தது.

"மாப்பிள்ளைய எங்க புதைச்சீங்க?" என்று கேட்டார் டெலிபோன் அம்மா.

அவர் விரலிடுக்கில் காய்ந்திருந்த சுண்ணாம்பைச் சுரண்டினார்.

"காலைலயே சத்தம் கேட்டுச்சுங்க. நீங்க துண்டுல சுத்தினதையும் பாத்தேன், அதுக்கு மேல பாக்க முடியாம கண்ணை மூடிக்கிட்டேன். சொன்னா இந்த ஜன்னலை மூடிருவீங்களோன்னு பயம். மறுபடியும் அந்தச் சுவத்தைப் பாக்கணுமேன்னு வாயை மூடிக்கிட்டேன். பொண்ணும் போயிருக்கும், என்னால." கண்ணிலிருந்து கொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை.

"உன்னால மட்டுமா?" என்றார் அவர். பிறகு, "செம்பருத்திக்குக் கீழ."

டெலிபோன் அம்மா தலையணையில் கழுத்தை நீட்டி இப்படியும் அப்படியும் பார்த்தார். "இங்கருந்து தெரியலையே."

"கோடு மறைக்குது." தோளில் கிடந்த ஈரத்துணியை அவர் கை பழக்கத்தில் எடுத்துவிட்டது. "அந்த ஒண்ணை மட்டும் துடைச்சிரட்டுமா?"

அந்த அம்மா அவர் கையிலிருந்த துணியைப் பிடுங்கித் தன் போர்வைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"மறைக்கட்டும்" என்றார்.