திறந்த கை

என் அப்பா தணிகாசலம் ஒரு ரகசியக் கும்பலின் அடியாள். சிராங்கூன் சாலைப் பின்சந்து ஒன்றில் சிவநேசன் என்பவரின் இரண்டு விரல்களைப் பாராங் கத்தியால் வெட்டிவிட்டுச் சிறைக்குப் போனார். அதற்கு முந்தைய வாரம்தான் அம்மாவின் தாடையை உடைத்திருந்தார்.

சிறையில் அப்பா இயேசுவை ஏற்றுக்கொண்டதாக அம்மா சொன்னார். நான் நம்பவில்லை. மின்தூக்கிகளைச் சோதிப்பது என் வேலை. பாரம் ஏற்றிப் பார்க்காமல் எதற்கும் கையெழுத்திடமாட்டேன்.

விடுதலையான மறுநாள் அப்பா, உட்லண்ட்ஸில் இருந்த சிவநேசன் வீட்டுக்கு என்னையும் அழைத்துப் போனார்.

"மன்னிப்புக் கேக்க வந்தேன், சிவா."

"பாஸ்டர் ஆயிட்டியா? நல்ல வேஷம்லா."

சிவநேசன் மடக்கு நாற்காலியைத் தூக்கி அடித்தார். அப்பாவின் புருவம் கிழிந்தது. இரண்டாவது அடியில் பல் தெறித்தது. அப்பாவின் வலது கை முஷ்டியாக இறுகியது. அது இறுகினால் அடுத்து என்ன நடக்கும் என்று சிறுவயதிலிருந்தே எனக்குத் தெரியும். குறுக்கே பாயத் தயாரானேன்.

"யேசப்பா," என்றார் அப்பா. கை மெல்லத் திறந்தது. சிவநேசன் ஓயும்வரை அப்படியே நின்றார். அப்பாவை மாற்றியது சுவிசேஷம்தான் என்று அன்று நம்பினேன்.

போன செவ்வாய்க்கிழமை அப்பா மாரடைப்பில் இறந்தார். எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் சவப்பெட்டியை வைத்திருந்தோம். சிவநேசன் வந்தார்.

"உங்கப்பா அன்னைக்குத் திருப்பி அடிச்சிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன் தம்பி," என்றார். "நானும் தூக்கலாமா?"

முன்பக்கக் கைப்பிடியை விட்டு விலகினேன். அவருடைய மூன்று விரல்கள் அதைப் பற்றிக்கொண்டன.